பிள்ளை சொல்லாமற் சொல்வது

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று நம்மவரிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. முருங்கையைப் பற்றி அது கூறுவது மெய்யே. ஒடித்த கிளை மீண்டும் தளிர்க்கும். முன்னிலும் மிகுதியாகக் காய்க்கும். பிள்ளையைப் பற்றி அது கூறுவதும் மெய்யென்றே நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை என்னை விட்டு நீங்கிய வரலாற்றை முதலிற் சொல்லிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு நேரும் கொடுமைகளைப் பாடசாலையில் இனங்காண்பது எப்படி, கண்டபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராயலாம் என எண்ணுகின்றேன்.

நான் ஆசிரியப் பணியிற் புகுந்து இரண்டாண்டுகள்கூட நிறையாத காலம் அது. ஏழாம் வகுப்பு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அவ்வகுப்பிற் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பயின்றான். கடைசி மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் கூடு திறந்த புறாக்களைப் போலப் பறந்துவிடுவர். அவன் மாத்திரம் போகமாட்டான். கரும்பலகையைத் துடைப்பான், வாங்குகளை ஒழுங்குசெய்வான், யன்னல்களைச் சாத்துவான். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் நெடுநேரம் நிற்பான். பொறுப்புள்ள பிள்ளை என்று நான் மகிழ்ந்தேன். பங்குனி வெயிலிலும் அவன் நீண்ட கைச்சட்டையே அணிந்து வருவான். அதனையும் அடக்கத்தின் அடையாளமென்றே எண்ணினேன்.

ஒரு நாள் 'எனது வீடு' என்னும் பொருளிற் கட்டுரை எழுதி வருமாறு பணித்தேன். அவன் கொப்பியில் நான்கே வரிகள் இருந்தன. வீட்டில் எத்தனை அறைகள், கிணறு எந்தப் பக்கம், முற்றத்தில் நிற்பது என்ன மரம், அவ்வளவே. அந்த வீட்டில் வாழும் மனிதர் எவரும் அக்கட்டுரையில் இல்லை. 'இன்னும் விரிவாக எழுதுக' என்று சிவப்பு மையினால் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் அவன் எழுதி வரவில்லை. அக்காலத்தில் என் மேசையிற் பிரம்பு ஒன்று கிடந்தது. கையை நீட்டச் சொன்னேன், நீட்டினான். அடி விழுந்தபோது அவன் கையை இழுக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. நான் கேளாமலே மற்றக் கையையும் நீட்டினான். திமிர் என்று கருதி அதிலும் ஓர் அடி போட்டேன்.

அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. விடுகைப் பத்திரம் பெறுவதற்கு அவனுடைய அம்மம்மா வந்தார். தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார் என்பதும், வீட்டிற் பொறுப்பாக விடப்பட்ட உறவினர் ஒருவர் குடித்துவிட்டு வாரக் கடைசிகளில் அப்பிள்ளையை வயரினால் அடித்து வந்தார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தன. அம்மூதாட்டி என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்தில ஒருத்தருக்கும் தெரியேல்லையோ, மாஸ்டர்?" என்று கேட்டார். அவர் குரலிற் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதேனும் விடை சொல்லியிருப்பேன்.

அச்சிறுவன் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தான். வீட்டுக்குப் போகாமல் நின்று சொன்னான், கைச்சட்டையாற் சொன்னான், நான்கு வரிகளாற் சொன்னான், நீட்டிய மற்றக் கையாலும் சொன்னான். நான் அறிந்துகொள்ளவில்லை. துன்புறும் பிள்ளை பெரும்பாலும் வாயாற் சொல்வதில்லை. அச்சமும் நாணமும் அதன் வாயை அடைக்கின்றன. துன்பம் செய்பவர் தன்னைப் பேணி வளர்ப்பவராகவே இருக்கும்போது, அவர்மீதுள்ள அன்பும் அதன் வாயை அடைக்கின்றது. ஆகையால் சொல்லாததைக் கேட்கப் பழகுதல் ஆசிரியரின் கடனாகின்றது. வாரத்தில் ஐந்து நாள்கள், நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலங்கள் ஒரு பிள்ளையைக் காணும் வாய்ப்பு, வீட்டாரை விட்டால் வேறு யாருக்கு உண்டு?

பிரம்பும் சட்டமும்

ஆசிரியர்களாகிய நாம் முதலில் நம் கையையே பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனை பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் இருந்ததைப் பெரியோர் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். அந்நியராட்சியிலும் பிரம்புக்குக் குறைவிருக்கவில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, ஆசிரியர் தம் மாணவனை நியாயமான அளவில் அடித்தல் குற்றமாகாது என்பதனை ஓர் உதாரணமாகவே எடுத்துக் காட்டியது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்க வழிசெய்தது. ஆயினும் பெற்றோரும் ஆசிரியரும் தண்டனை வழங்கும் உரிமையை அது தொடவில்லை.

காலம் மாறியது. ஐக்கிய நாடுகள் சபை 1989 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 1995 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தம், தன் பொறுப்பிலுள்ள பிள்ளையைத் தாக்குதலையும் புறக்கணித்துக் கைவிடுதலையும் தனிக் குற்றமாக்கி, இரண்டு முதற் பத்து ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனையை விதித்தது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. குழந்தை மருத்துவப் பேராசிரியரான ஹரேந்திர டி சில்வா அதன் முதற்றலைவராக விளங்கினார். பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதெனக் கல்வியமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையாற் கட்டளையிட்டது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் அதனை மீண்டும் வலியுறுத்தியது.

சுற்றறிக்கைகள் கோப்பிற் கிடப்பதற்கே வருகின்றன என்று எண்ணுவோர் 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றை அறிதல் நன்று. 2017 ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்தார். அவ்வடியாற் காது பழுதுற்றுக் கேட்கும் ஆற்றல் குன்றியது. கொடூரமான, இழிவான நடத்துகைக்கு எவரையும் உட்படுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை அந்த அறை மீறியதென நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய தீர்ப்பு கூறியது. ஆசிரியர் தம் சொந்தப் பணத்திலிருந்து 150,000 ரூபாவும், அரசு 500,000 ரூபாவும் மாணவனுக்கு வழங்க வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது. பணம் கிடைக்கலாம், இழந்த செவிப்புலன் திரும்ப வருமா?

அடிக்கும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் தன் துயரத்தைச் சொல்ல வராது. வீட்டில் அடிபடும் பிள்ளைக்கு, உலகத்திற் பெரியவர்கள் யாவரும் ஒரே தன்மையரென்று நம் பிரம்பு சாட்சி சொல்லிவிடுகின்றது. பிரம்பைக் கைவிடுவதற்கு இதனிலும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

கண்ணிற் படும் அறிகுறிகள்

கற்றறிந்த மருத்துவர்களே இதனை நெடுங்காலம் காணத் தவறினார்கள் என்பது வியப்புக்குரியது. 1946 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜோன் கஃபி, சில குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில் காரணம் சொல்லப்படாத எலும்பு முறிவுகளைக் கண்டு எழுதினார். 1962 ஆம் ஆண்டில் ஹென்றி கெம்பியும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஆய்வுரையே, அவை பெரியோரால் அடிக்கப்பட்ட குழந்தைகளின் காயங்கள் என வெளிப்படையாகக் கூறி உலகின் கண்ணைத் திறந்தது. பெற்ற தாய் தந்தையர் இவ்வாறு செய்வர் என நம்ப மருத்துவர்களுக்கு மனம் வரவில்லை என்பதையும் அவ்வாய்வுரை எடுத்துக்காட்டியது. நம் நிலையும் அதுவேயன்றோ!

ஓடி விளையாடும் பிள்ளைக்குக் காயம் ஏற்படுவது இயல்பு. அக்காயங்கள் பெரும்பாலும் முழங்காலிலும் கணைக்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும் இருக்கும். காது, கன்னம், கழுத்து, முதுகு, மேற்கையின் உட்புறம், தொடை ஆகிய இடங்களிற் கண்டல் இருப்பின் சிந்திக்க வேண்டும். வார், வயர், விரல்கள் ஆகியவற்றின் வடிவம் தோலிற் பதிந்திருத்தல், வட்டமான சிறிய தீக்காயங்கள், ஒன்று ஆறுமுன் மற்றொன்று தோன்றுதல், காயத்துக்கும் சொல்லப்படும் காரணத்துக்கும் பொருத்தமின்மை என்பனவும் கவனிக்கத்தக்கவை. கண்டலின் நிறத்தைக் கொண்டு அது எத்தனை நாளையது எனக் கணிக்க முயலவேண்டாம்; மருத்துவர்களே அதனை நம்பத்தகுந்த முறையாகக் கொள்வதில்லை.

உடலிற் காயமே இல்லாத கொடுமைகள் பல. நாள்தோறும் இழிசொல் கேட்கும் பிள்ளையும், உணவும் கவனிப்புமின்றி வாடும் பிள்ளையும், பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளையும் வெளித்தோற்றத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருப்பர். அங்கே நாம் பார்க்க வேண்டியது மாற்றத்தை. கலகலப்பாய் இருந்தவள் பேச்சை நிறுத்திவிடுகின்றாள். முதல் வரிசை மாணவன் இரண்டு மாதத்திற் கடைசிக்குப் போய்விடுகின்றான். வகுப்பில் உறங்கி விழும் பிள்ளை இரவில் உறங்குவதில்லை போலும். ஒருவருடைய பாட வேளையில் மட்டும் வயிற்றுவலி வருகின்றது. குறித்த ஒரு கிழமையில் மட்டும் வரவு இடாப்பில் வெற்றிடம் விழுகின்றது. பாடசாலை வானில் ஏற மறுக்கின்றது. யாரேனும் கையை உயர்த்தினால் ஒடுங்கிக்கொள்கின்றது. வயதுக்கு மீறிய பாலியற் பேச்சு, யார் கொடுத்தாரெனச் சொல்ல முடியாத பரிசு, கைத்தொலைபேசி ஒலித்ததும் முகத்திற் பரவும் அச்சம் ஆகியவையும் அறிகுறிகளே.

இவற்றுள் யாதேனும் ஒன்று தனியே நின்று கொடுமையை நிறுவாது. குடும்பத்தில் ஒரு சாவு, நோய், வறுமை ஆகியனவும் பிள்ளையை இவ்வாறு மாற்றக்கூடும். ஆகவே அறிகுறி கண்டவுடன் ஒருவரைக் குற்றவாளியாக்குதல் தவறு. அறிகுறியைக் கண்டும் காணாதிருத்தல் அதனிலும் தவறு. இரண்டுக்கும் நடுவே செய்யத்தக்கது ஒன்றுண்டு. அது பிள்ளையை அணுகிக் கேட்டல்.

கேட்கும் முறை

"என்ன தம்பி, கொஞ்ச நாளாய் முகம் வாடிக் கிடக்குது, என்னோட கதைக்க விருப்பமெண்டால் நான் இருக்கிறன்" என்று சொன்னாற் போதும். அன்று ஒன்றும் சொல்லாமற் போகலாம். ஒரு வாரம் கழித்து, கொப்பி காட்ட வந்ததுபோல் வந்து சொல்லலாம். வரும்போது கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். மற்றவர் காதில் விழாத, ஆனால் மற்றவர் கண்ணிற் படுகின்ற இடமே அதற்கு உகந்தது.

கேட்கும்போது, "என்ன நடந்தது?", "பிறகு?" என்னும் வினாக்களே போதுமானவை. "உன் மாமாவா செய்தார்?" என்பது போல விடையை நாமே வாயில் ஊட்டும் வினாக்கள் பிள்ளையையும் குழப்பும், பின்னர் நீதிமன்றத்தில் வழக்கையும் கெடுக்கும். "ஏன் இவ்வளவு நாளாய்ச் சொல்லவில்லை?" என்று கேட்டால் பழி பிள்ளைமேல் விழுகின்றது. நாம் அதிர்ச்சியுற்றுக் கூச்சலிட்டாலோ, தன்னாற் பெரிய கேடு விளைந்ததென்று பிள்ளை வாய்மூடிவிடும். "நீ சொன்னது நல்லது, இது உன் பிழையில்லை" என்னும் இரு சொற்றொடர்களையும் ஒவ்வோர் ஆசிரியரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

"ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ" என்று பிள்ளை கெஞ்சும். அவ்வாறு வாக்களித்தல் கூடாது. காக்க முடியாத வாக்கைக் கொடுத்துப் பின் மீறினால், அப்பிள்ளை இனி எவரையும் நம்பாது. "உன்னைக் காப்பாற்றக் கூடிய ஆக்களுக்கு மாத்திரம் சொல்லுவன், அவை ஆர் எண்டும் உனக்குச் சொல்லுவன்" என்பதே நேர்மையான விடை. பிள்ளை சென்றபின், அது கூறிய சொற்களை அதே சொற்களில், நாளும் நேரமும் குறித்து, அன்றே எழுதி வைக்க வேண்டும். நம் ஊகங்களை அதிற் கலத்தலாகாது. காயம் பார்ப்பதற்கென உடையைக் களையச் செய்வதும் படமெடுப்பதும் நம் வேலையல்ல. சக ஆசிரியர் நால்வர் மாறிமாறி அழைத்து அதே கதையைக் கேட்பது கொடுமைமேற் கொடுமையாகும்.

செல்ல வேண்டிய வழி

ஆசிரியர் நீதிபதியுமல்லர், பொலிஸ்காரருமல்லர். அறிந்ததை உரியவரிடம் சேர்ப்பதே அவர் கடமை. முதலில் அதிபருக்கும், சிறுவர் பாதுகாப்புக் குழு உள்ள பாடசாலைகளில் அக்குழுவுக்கும் அறிவிக்க வேண்டும். அதிபர் தயங்கினாலோ, குற்றம் சாட்டப்பட்டவர் பாடசாலையைச் சேர்ந்தவராக இருந்தாலோ, அங்கே நின்றுவிடல் ஆகாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பொலிஸ் நிலையங்களிலுள்ள பெண்கள், சிறுவர் பணியகமும், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை அலுவலரும், நன்னடத்தை அலுவலரும் இதற்கென்றே இருக்கின்றனர்.

பாலியல் வன்முறை அண்மையில் நிகழ்ந்திருப்பின் தாமதம் கூடாது. நோய்த் தடுப்பு மருந்துகளிற் சில 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினாலே பயன் தரும். உடையைத் துவைக்காமல், இயலுமாயின் குளிப்பாட்டாமல், அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து அறிக்கை தருவார். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றிற் சான்றாக ஏற்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுதலை 1995 ஆம் ஆண்டின் திருத்தம் குற்றமாக்கியது. "ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்று அஞ்சும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

வீட்டில் உள்ளவரே கொடுமை செய்பவர் என ஐயுறும்போது, பெற்றோரை அழைத்து விசாரிப்பது ஆபத்து. அன்றிரவே அப்பிள்ளை மீண்டும் அடிபடும். மறுநாள் தான் சொன்னதெல்லாம் பொய்யென்று சொல்லும். அத்தகைய நிலையிற் பெற்றோருடன் பேசவேண்டியவர் யார், எப்போது என்பதை அதிகாரிகளே முடிவு செய்யட்டும்.

நற்பெயர் என்னும் திரை

நம்மிடையே இத்தகைய செய்திகள் பெரிதும் மறைக்கப்படுவதற்குக் காரணம் தீய நெஞ்சமன்று, நற்பெயர்மீதுள்ள பற்று. பாடசாலையின் பெயர் கெட்டுவிடும், குடும்பத்தின் மானம் போய்விடும், நாளைக்குப் பெண்ணுக்குக் கலியாணம் பேச வேண்டுமே என்கின்றோம். ஆசிரியர் ஒருவர்மீது முறைப்பாடு வந்தால், அவரை வேறு பாடசாலைக்கு மாற்றிவிட்டால் விடயம் முடிந்தது என்று நினைப்பாரும் உளர். முடிந்தது நமக்கு, வேறொரு பாடசாலையில் வேறொரு பிள்ளைக்கு அது தொடங்குகின்றது. இரு தரப்பையும் அழைத்து அலுவலகத்திற் சமாதானம் பேசி முடிப்பதும் இவ்வகையினதே. ஒரு பாடசாலைக்கு மெய்யான நற்பெயர், அங்கே தவறு நடந்ததே இல்லை என்பதனால் வருவதன்று. நடந்தபோது பிள்ளையின் பக்கம் நின்றது என்பதனால் வருவது.

பெற்றோருக்கும் ஒரு சொல். மேலதிக வகுப்பென்று ஓர் ஆசிரியர் உங்கள் பிள்ளையைத் தனியே அழைத்தால், கதவு திறந்திருக்கின்றதா என்று கேளுங்கள். நல்லாசிரியர் எவரும் அதற்காக வருந்தமாட்டார். பிள்ளையின் தொலைபேசிக்கு இரவில் ஒரு பெரியவர் தகவல் அனுப்புவாராயின், ஏனென்று கேளுங்கள். உடலில் எவர் தொட்டால் மறுக்கலாம் என்பதைப் பிள்ளை உங்களிடமிருந்தே கற்கட்டும். எல்லாவற்றிலும் மேலாக, பாடசாலையில் இருந்து வந்ததும் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்கு முன் "இண்டைக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் சிறிய செய்திகளைக் கேட்கும் தாய்க்குத்தான், பெரிய செய்தியையும் ஒரு நாள் பிள்ளை சொல்லும்.

மாணவர்காள்! உங்கள் தோழன் ஒருவன் இரகசியமாய் இத்தகைய துயரமொன்றைச் சொன்னால், அதனை மறைத்துவைப்பது நட்பன்று. நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் நம்பாவிடின் இன்னொருவரிடம் சொல்லுங்கள். யாராவது ஒருவர் நம்பும் வரை சொல்லுங்கள்.

என் மேசையில் இன்று பிரம்பு இல்லை. அச்சிறுவன் எங்கேயோ நல்ல நிலையில் இருக்கிறான் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். அது மெய்யாக இருக்கட்டும். ஆயினும் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தும்போது 'இன்னும் விரிவாக எழுதுக' என்னும் தொடரை எழுதப் பேனா போனால், ஒரு கணம் நிறுத்திக்கொள்கின்றேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஏன் இவ்வளவோடு நின்றுவிட்டது என்று கேட்கின்றேன். பெரும்பாலும் சோம்பலே காரணமாக இருக்கும். பிள்ளையும் சிரிக்கும், நானும் சிரிப்பேன். எப்போதோ ஒரு முறை, பிள்ளை சிரிக்காமல் நிலத்தைப் பார்க்கும்.

நாளை திங்கட்கிழமை. ஆசிரியர்களே, வரவு இடாப்பில் அடையாளம் இடும்போது பெயரை மட்டும் வாசித்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை தலையை நிமிர்த்தி, அந்த முகத்தைப் பாருங்கள்.